வீரசிங்கம் வானின் கரும்புகை

அன்புவழிபுரத்தில் கோணாமலை குடும்பத்து வான் வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை. அதன் பின்கதவில் ‘வீரசிங்கம்’ என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும். அது கோணாமலையின் அப்பாவின் பெயர். அவர் காலமான பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பொறுப்பு கோணாமலைக்கு வந்தது.

ஒவ்வொரு காலையிலும் அந்தப் பெயரை ஈரத்துணியால் துடைப்பது அவருடைய மகள் ராசமலரின் வேலை. துடைக்காமல் வான் வாசல் படலையைத் தாண்டாது. அது வீட்டுச் சட்டம்.

அது சண்டைக் காலம். கந்தளாய்ப் பக்கத்து வீதியை மூடியதால் டீசல் வருவது நின்றுபோனது. கோணாமலை துறைமுகத்தடியில் ஒரு பீப்பாய் கப்பல் எண்ணெய் வாங்கி வந்தார். சர்க்கரைப் பாணி போலத் தடித்த கறுப்பு எண்ணெய். பழைய சாரத் துணியில் அதை வடித்து, மிச்சமிருந்த டீசலோடு கலந்து வானுக்கு ஊற்றினார்.

வான் ஓடியது. ஆனால் பின்னால் கரும்புகை கக்கியது. ஒரு பெட்டித் தீக்குச்சி முழுவதையும் ஒன்றாகக் கொளுத்தியதுபோல அது மூக்கைக் குத்தியது.

“அப்பா, எங்கட வான் சுருட்டுக் குடிக்குது” என்றாள் ராசமலர்.

“குடிக்கட்டும். ஓடுதல்லோ?” என்றார் கோணாமலை.

பின் இருக்கையிலிருந்த ஸல்ஹா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. ராசமலரின் வகுப்புத் தோழியான அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு.

வழியில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் இறங்கி, புத்தகப் பைகளைத் திறந்தபடி வானுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். வானின் இயந்திரத்தை நிறுத்த முடியாது. அந்த எண்ணெயில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. எனவே வான் உறுமிக்கொண்டே நின்றது. புகை நேரே பிள்ளைகளின் முகத்தில் அடித்தது.

அன்று வரிசை நகரவேயில்லை. முன்னால் ஒரு லொறியை ஆமிக்காரர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ராசமலர், மூச்சு எடுக்க ஏலாதுடி” என்றாள் ஸல்ஹா. அவளுடைய உதடுகள் நீலமாகிவிட்டன. கையிலிருந்த பை கீழே விழுந்தது.

“அப்பா!” என்று ராசமலர் கத்தினாள். கோணாமலை ஓடிவந்து ஸல்ஹாவைத் தூக்கினார். ஒரு ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். பிள்ளையின் முகத்தைக் கண்டதும் அதைத் தாழ்த்தி, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஸல்ஹாவின் முகத்தில் ஒட்சிசன் மூடியை வைத்தார்கள். தாதி கமலாதேவி கேட்டார்: “பிள்ளை எந்தப் புகைக்குள்ள நிண்டது?”

“தீக்குச்சி மணக்கிற புகை, மிஸ்” என்றாள் ராசமலர்.

“அது கந்தகம். மோசமான எண்ணெயில நிறையக் கிடக்கும். இழுப்புக்காரருக்கு நஞ்சு மாதிரி. வாகன எண்ணெயில கந்தகம் இவ்வளவுக்கு மேல இருக்கப்படாதெண்டு பல நாடுகளில சட்டமே இருக்கு. இங்க இப்ப ஆர் பாக்கினம்?”

ஸல்ஹாவின் வாப்பா ஸைனுலாப்தீன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். “ஆருட வாகனத்துப் புகை?” என்று கேட்டார்.

“முன்னால நிண்ட லொறியாக்கும்” என்றார் சாவடி வரிசையிலிருந்து கோணாமலையோடு வந்த ஒருவர்.

ஸைனுலாப்தீன் அந்த லொறிக்காரனைத் திட்டித் தீர்த்தார். கோணாமலை தரையைப் பார்த்தபடி நின்றார். ராசமலர் அப்பாவையே பார்த்தாள்.

அடுத்த நாள் காலை வானின் பின்கதவு முழுக்கக் கரி. ‘வீரசிங்கம்’ என்ற பெயரில் பாதி தெரியவில்லை. ராசமலர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“ஏன் அப்பப்பாவின்ர பெயரைத் துடைக்கேல்ல?” கோணாமலையின் குரல் உயர்ந்தது.

“இதைத் துடைக்கலாம் அப்பா. ஸல்ஹாவின்ர நெஞ்சுக்குள்ள கிடக்கிற கரியை ஆர் துடைக்கிறது?”

கோணாமலை கையை ஓங்கினார். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது. வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஸைனுலாப்தீன் வீட்டுக்கு நடந்தார். ராசமலரும் பின்னாலேயே போனாள்.

“அது லொறிப் புகை இல்லை. என்ர வான் புகை” என்றார் கோணாமலை.

“ஒரு பாவமும் அறியாத மனிசனை அவ்வளவு ஏசிப்போட்டேனே, அண்ணன். நீங்க பக்கத்திலதானே நிண்டீங்க” என்றார் ஸைனுலாப்தீன். “இனி எண்ட மகள் அந்த வானில ஏறமாட்டா.”

கோணாமலை திரும்பினார். ராசமலர் திரும்பவில்லை.

“மாமா, ஸல்ஹா சுகமாகி வந்தால் நாங்கள் எல்லாரும் நடந்து போவம். நல்ல டீசல் வரும் வரைக்கும் வான் ஓடாது. அந்த டீசலையும் நான் முதலில சோதிப்பன்.”

“நீ எப்பிடிச் சோதிப்பாய்?” என்றார் ஸைனுலாப்தீன்.

“துணித்துண்டில ஒரு சொட்டு விட்டுத் தேங்காய்ச் சிரட்டைக்குள்ள கொளுத்திப் பாப்பன். தீக்குச்சி மணந்தால் வான் ஓடாது. இது எங்கட வீட்டுப் புதுச் சட்டம்.”

ஸைனுலாப்தீன் கோணாமலையைப் பார்த்தார். “ஓம்” என்றார் கோணாமலை.

மிச்சமிருந்த கப்பல் எண்ணெய் முழுவதும் கறையானுக்கு மருந்தாக வேலிக் கட்டைகளுக்குப் பூசப்பட்டது. பிள்ளைகள் நடந்தார்கள். வெயில் சுட்டது. முணுமுணுத்தார்கள். ஆனாலும் நடந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஸல்ஹா கொஞ்சம் மெலிந்திருந்தாள். வாய் மட்டும் மெலியவில்லை. அவளுக்காக எல்லோரும் மெதுவாக நடந்தார்கள்.

ஒருநாள் காலை கோணாமலை கலன் நிறைய டீசலோடு வந்தார். பிள்ளைகள் படலையடியில் கூடினார்கள். ராசமலர் ஸல்ஹாவைத் தூரத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டு, சிரட்டையில் துணியைக் கொளுத்தினாள். மெல்ல முகர்ந்தாள்.

“என்னடி மணக்குது?” என்று வேப்பமரத்தடியிலிருந்து ஸல்ஹா கத்தினாள்.

ராசமலர் அப்பாவைப் பார்த்தாள். அவர் வானின் திறப்புச் சாவியைக் கையில் இறுகப் பிடித்திருந்தார்.

“தீக்குச்சி” என்றாள் ராசமலர்.

கோணாமலை திறப்பைச் சுவர் ஆணியில் திரும்ப மாட்டினார். வேப்பமரத்தடிக்குப் போய் ஸல்ஹாவின் புத்தகப் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தலை நிமிர்ந்து முன்னால் நடந்தார்.

பின்னால், ஓடாமல் நின்ற வானில், ராசமலர் அன்று காலை துடைத்திருந்த ‘வீரசிங்கம்’ என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது.