குளிர்ந்த மணிக்கட்டுகள்

செவ்வாய்க் கிரகத்தில், கண்ணாடிக் குமிழ்களுக்குள் கட்டிய குமிழூரில் காலைச் சங்கு ஊதியதும் எல்லோரும் வீட்டுச் சுவரில் மணிக்கட்டை வைத்தாக வேண்டும். தோலுக்கடியில் பதித்த காய்ச்சல்மணியைச் சுவர் படிக்கும். சூடு இருந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்குத் திறக்காது. குழந்தைகள் பல் தேய்ப்பதைப் போல அலுத்துக்கொண்டே இதைச் செய்வார்கள்.

அந்தச் சுவர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கணக்குப் பார்ப்பது பூங்கோதையின் உத்தியோகம். அன்று கணக்கு ஒத்துப்போகவில்லை. சுவர் கண்டுபிடித்த காய்ச்சல் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சாக்கடையில் பொருத்தி, கழிவில் காய்ச்சல் கிருமியை மோப்பம் பிடிக்கும் கிருமிநுகரி காட்டிய வீடுகளோ தெருத்தெருவாக நீண்டன. ஒரே குளத்தில் இரண்டு வலை வீசி, ஒன்றில் சிக்கிய மீனில் எத்தனை மற்றதிலும் சிக்கியது என்று பார்க்கிற கணக்கு அது. போட்டுப் பார்த்தாள். சுவரின் வலையில் பத்துக்கு ஒன்பது மீன் தப்பியிருந்தது. போன முறை இந்தக் காய்ச்சல் வந்தபோது கிழக்குக் குமிழில் பிணம் தூக்கவும் ஆளில்லை.

மகள் நித்திலா அழைத்தாள். மாலையில் அவளுக்குப் பக்கத்துக் குமிழில் கல்யாணம்.

"கெளம்பிட்டியாம்மா? ஏன் குரல் கம்மியிருக்கு?"

"வேலை அலுப்புடி. வந்துடறேன்."

ஊர்ச் சுவர்களையெல்லாம் சோதிக்கப் போயிருந்த அலுவலக எந்திர ஆள், பணிப்பொறி, திரும்பி வந்தது.

"சுவர்களில் பழுதில்லை. காய்ச்சல்மணிகளிலும் பழுதில்லை. ஆனால் தினமும் சங்குக்குச் சற்று முன்பு ஊர் முழுவதும் குளிர்நீர்க் குழாய்கள் திறக்கின்றன. காரணம் தெரியவில்லை."

பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. காலையில் சங்குக்கு முன்பு அவளும் மணிக்கட்டைக் குழாயடியில் பிடித்துச் சூட்டைத் தணித்திருந்தாள். லேசான சூடுதானே, நான் ஒருத்திதானே, கல்யாணம் முடிந்ததும் வந்து படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். ஊரில் இத்தனை பேர் அப்படியே நினைப்பார்கள் என்று, கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரியான அவளுக்குத் தோன்றவேயில்லை.

மூடி மறைத்தால் ஊரே படுத்துவிடும். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, பணிப்பொறி பதிந்துகொள்ள, அறிக்கையை உள்ளபடியே சொன்னாள். "இனிமே சங்கு வேண்டாம். சொல்லாம கொள்ளாம, யாரை எங்க பாத்தாலும் அளந்துடணும்."

"நல்ல பரிந்துரை. இப்போதே தொடங்கலாம்" என்றது பணிப்பொறி. "கையை நீட்டுங்கள்."

பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம் இரு. கை கழுவிட்டு வந்துடறேன்."