மறுபடி திறந்த டிக்கெட்டுகள்

வியாழக்கிழமை காலை, ஏலக்காய்க் காப்பி ஆறுவதற்குள் ருதைனா உள்ளே வந்து ஒரு தாளை அபூ யஸனின் மேசையில் வைத்தாள். அம்மான் நகரின் அந்தப் பெரிய மருத்துவமனையில், கம்ப்யூட்டர் கோளாறுகளைத் தீர்க்கும் உதவி மேசையில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். எப்போதும் சிரித்த முகம். இன்று அழுது வீங்கியிருந்தது.

"மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க மேலாளர் முன்தர் சார் என் ஒப்பந்தத்தை முடிச்சுக் கையெழுத்துப் போடப் போறாரு, அபூ யஸன். நான் சரிபண்ணி மூடின புகார் டிக்கெட்ல இருநூத்திப் பன்னிரண்டு, மூணு மாசத்துல மறுபடி திறந்திருக்காம். ஒரு வேலையும் உருப்படியா செய்யலைன்னு அர்த்தமாம். சத்தியமா எனக்கு ஒண்ணுமே புரியல."

அபூ யஸன் ஆவணக் காப்பறையின் தலைவர். காணாமல் போன கோப்பானாலும் காணாமல் போன நியாயமானாலும் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். பக்கத்து மேசையில் இருந்த திமா வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். டிக்கெட் மென்பொருளையும் ரிப்போர்ட் மென்பொருளையும் மூன்று மாதத்துக்கு முன்னால் இணைத்தவள் அவள்தான். அதற்கு முன்பு எத்தனை மூடப்பட்டன என்ற ஒரே ஓர் எண் மட்டும் மேலிடத்துக்குப் போகும். இப்போது யார் மூடியது, எது மறுபடி திறந்தது என்று வண்ண வண்ணமாகப் போகிறது. அதைப் பார்த்து அவள் ஒருநாள் பெருமையில் வானத்தில் பறந்தவள்.

"உன் எண்ணுல தப்பு இருக்கா?" என்று திமாவைக் கேட்டார் அபூ யஸன்.

"இல்லீங்க. மூணு தடவை சரிபார்த்துட்டேன்."

"அப்ப எண்ணு பொய் சொல்லல. என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

முழுப் பட்டியலையும் அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னார். திமா கொண்டுவந்தாள். படிக்கப் படிக்க அவள் கண்கள் விரிந்தன.

"இதோ பாருங்க! திறந்ததெல்லாம் மூணு மணிக்கு மேல. ருதைனாக்கா வீட்டுக்குப் போன பிறகு. திரும்ப மூடினது யாரு? அக்காவுக்கு அடுத்த வேலைமுறைக்கு வர்ற ராகான். ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷத்துக்குள்ள! அக்கா பேரு கீழ போகப் போக அவரு பேரு மேல ஏறியிருக்கு. ஆளு வசமா மாட்டிக்கிட்டாரு."

"அவசரப்படாதே. பழுதான பிரிண்டரை ஒரு நிமிஷத்துல யாராவது சரிபண்ணுவாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப அங்க பழுதே இல்ல. சரி, எந்தப் பிரிவுல அதிகம்?"

"பிரசவப் பிரிவுல அறுபத்தொண்ணு. பரிசோதனைக் கூடத்துல ஒண்ணுகூட இல்ல."

அபூ யஸன் ருதைனாவிடம் திரும்பினார். "பிரசவப் பிரிவுக்காரங்க உன்மேல கோபமா இருக்காங்களா?"

"கோபமா? போன வாரம்தான் ஒரு தட்டு மஅமூல் அனுப்பினாங்க. பரிசோதனைக் கூடத்துலதான் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க."

"குறை சொல்றவங்க இனிப்பு அனுப்பறாங்க. முகம் கொடுக்காதவங்ககிட்ட இருந்து குறையே வரல." அவர் மெல்லச் சிரித்தார். "திமா, திறக்கும்போது அவங்க என்ன எழுதினாங்க?"

திமா விழித்தாள். "என் இணைப்பு எண்ணையும் பேரையும் நேரத்தையும்தான் கொண்டுவரும். எழுதினதைக் கொண்டுவராது."

"போய் நீயே கொண்டு வா. ராகானையும் சீக்கிரம் வரச் சொல்லு."

ஒன்றரை மணிக்கு முன்தரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். முன்தர் கெட்டவரல்ல, வரைபடத்தில் சிவப்பு தெரிந்தால் சிவப்பென்றே நம்புகிறவர். பேனா மூடி ஏற்கெனவே கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

"ராகான், திரும்பத் திறந்த டிக்கெட்டை நீ என்ன செய்வே?" என்றார் அபூ யஸன்.

"என்ன செய்யறது? மூடுவேன். அதுல வேலையே கிடையாதே! நன்றி சொல்லியிருப்பாங்க. நன்றியை எப்படிங்க ரிப்பேர் பண்றது?"

திமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் அபூ யஸன். "ஒரு வேலை முடிஞ்சா நம்ம ஆளுங்களால சும்மா இருக்க முடியுமா? வேலைமுறை முடிஞ்சு கிளம்பும்போது, மூணு மணிக்கு மேல, உட்கார்ந்து நாலு வரி வாழ்த்தி எழுதிட்டுத்தான் போவாங்க. மூடின டிக்கெட்டுக்கு யாரு என்ன பதில் போட்டாலும் மென்பொருள் அதைத் திறந்துடும். நாற்காலியில அப்ப இருக்கற ராகான் மூடிடுவான். தோல்வின்னு கணக்கு ருதைனா பேர்ல ஏறும். இவளுக்கு ஒரு வரிகூடக் கண்ணுல படல."

"என்னோடது எத்தனை திறந்திருக்கு?" என்று கேட்டான் ராகான்.

"நாலு," என்றாள் திமா.

"எனக்கு யாரும் நன்றி சொல்றதில்ல. அதனாலதான் பட்டியல்ல முதல் ஆளா? நல்லாயிருக்கு உங்க கணக்கு!"

அபூ யஸன் தாள்களை எடுத்து நிதானமாகப் படித்தார். "பிரசவப் பிரிவு, நர்ஸ் தமாதிர்: ருதைனா, உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நீ அந்தத் திரையைச் சரிபண்ணினப்ப உள்ள இரட்டைக் குழந்தை பிறந்துட்டிருந்துச்சு. ரெண்டும் நல்லா இருக்கு." அடுத்தது. அதற்கடுத்தது. எட்டாவதில் முன்தர் கையை உயர்த்தினார்.

"போதும், அபூ யஸன்."

"இன்னும் இருநூத்தி நாலு இருக்கு."

முன்தர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மேசையில் இருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒப்பந்தப் புதுப்பிப்பில் கையெழுத்திட்டார். "மன்னிச்சுக்கோ, ருதைனா. நான் எண்ணைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கல."

"நானும்தான்," என்றாள் திமா. வெட்கமும் நன்றியும் ஒன்றாக அவள் நெஞ்சை நிறைத்தன. ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பை அல்லவா அவளுடைய அழகான வண்ணங்கள் விழுங்கப் பார்த்தன!

ருதைனாவோ கையெழுத்தைப் பார்க்கவே இல்லை. தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மாசம்! ஒருத்தருக்குக்கூட நான் பதில் வாழ்த்து சொல்லலையே. எவ்வளவு திமிர் பிடிச்சவள்னு நினைச்சிருப்பாங்க!"

"பொறுங்கக்கா," என்று திமா பதறினாள். "நீங்க எழுதினா அவங்க மறுபடி எழுதுவாங்க. முதல்ல அந்தக் கணக்கை எடுத்துடறேன்."

அதைக் கேட்க ருதைனா அங்கே இல்லை. மூன்று மணிக்கு ராகான் தன் முறைக்கு வந்து நின்றபோது, அவள் பதினேழாவது பதிலில் இருந்தாள். நாற்காலியை விட்டு அசையவில்லை.

"நீ போய்க் காப்பி குடிச்சிட்டு வா, தம்பி," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதெல்லாம் எனக்கு வந்தது."