கட்டிலில் கட்டிய ஏரியல்

உலகெங்கும் பரவி வாழும் சிற்றலை வானொலி நேயர் பெருமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: நெடுங்காலம் ஓய்விலிருந்த எங்கள் நிலையம் இன்று மாலை முதல் மீண்டும் தன் செவிகளைத் திறக்கிறது. கண்டங்கள் கடந்து வரும் குரல்களுக்கு எங்கள் வாழ்த்துகள்.

நேயர் வாசித்த இந்த அறிவிப்பைக் கேட்ட உலக மக்கள்தொகை இரண்டு பேர். ஒருவர், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த நேயரின் மனைவி. மற்றவர், வாய் நிறைய பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்த அவள் தம்பி. நிலையம் என்பது முன்னறையின் மூலையில் கிடந்த, ஒரு காலுக்கு அட்டை வைத்து ஆட்டம் நிறுத்தப்பட்ட மேசை.

'நேயர்' என்பது அலுவலகத்தில் கிண்டலுக்கு வைத்த பெயர். ஸ்டோர்ஸ் பிரிவில் திருகாணிகளுக்குக் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்ற அவர், அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார். முன்னறைச் சுவரில் சட்டம் போட்டு ஓர் அட்டை தொங்கியது. கடல் நடுவிலுள்ள ஏதோ ஒரு தீவிலிருந்து கப்பல்களுக்கு வானிலை வாசிக்கும் குட்டி நிலையம் ஒன்றின் அட்டை அது. 'நீங்கள் எங்களைக் கேட்டது உண்மையே' என்று அவர்கள் அனுப்பிய சான்று. வீட்டுக்கு யார் வந்தாலும், மீட்டர் பார்க்க வந்தவர் உட்பட, அதைக் காட்டாமல் அனுப்பமாட்டார். அந்த ஒலி எப்படிக் கிடைத்தது என்று யாராவது கேட்டால் மட்டும், "எல்லாம் வானத்தோட தயவு" என்று பேச்சை முடித்துவிடுவார்.

ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து இரண்டு வால்வுகளை மாற்றி வாங்கியிருந்தார். தேக்குப் பெட்டி, துணி போட்ட முகப்பு, ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி, நடுவில் காசு அகலத்தில் ஒரு பச்சைக் கண். நிலையம் சரியாகப் பிடிபட்டால் கண்ணின் இரு இமைகளும் நெருங்கி மூடும். எதுவும் கிடைக்காவிட்டால் அகல விழித்துக்கொண்டே இருக்கும். நேயர் சடங்கு போல விசையைத் திருகினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பல வருடத்துத் தூசி சூடாகி, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கருகும் துணி போல ஒரு வாசனை அறையில் பரவியது. பச்சைக் கண் விழித்தது.

பிறகு அது மூடியது. திறந்தது.

"மச்சான், உங்க ரேடியோ என்னைப் பாத்துக் கண்ணடிக்குது!" என்றான் தம்பி.

நேயர் சிரிக்கவில்லை. ஏரியல் ஒயரை இன்னும் மாட்டவே இல்லை. அது மேசைமேல் சுருளாகக் கிடந்தது. கேட்க ஒரு வழியும் இல்லாத ரேடியோ எதைக் கேட்டுக் கண்ணை மூடும்?

"புது வால்வு. பழகணும்," என்றார், மருமகளுக்குப் பரிந்து பேசும் மாமனார் மாதிரி.

அடுத்த இரண்டு நாளும் மொட்டை மாடியில் கம்பம் நட்டு, தண்ணீர்த் தொட்டியிலிருந்து துணிக்கொடி வரைக்கும் செப்புக் கம்பி இழுத்துக் கட்டினார்கள். கிடைத்தது இரைச்சல்தான். பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு, எதிர்வீட்டு இன்வெர்ட்டர், தெருவிலிருந்த அத்தனை செல்போன் சார்ஜரும் சேர்ந்து எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவதுபோல் பொரிந்தன. உலகம் வாய் திறக்கவில்லை.

"எதுக்கு மாடி வரைக்கும் போறீங்க?" என்றாள் மனைவி. "முன்ன ஒயரை மாமா கட்டில்லதானே கட்டுவீங்க? அப்ப நல்லா கேட்டுச்சே."

"கட்டில்லயா?" என்றான் தம்பி.

"இரும்புக் கட்டில்டா. மாமா அசையாம படுத்தா சத்தம் கூடும், புரண்டா குறையும். 'மருமகளே, நான் படுத்தாத்தாம்மா உன் புருஷனுக்கு உலகமே கேக்குது'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு, பாவம்."

"அப்ப பெரியவரையும் ஒரு பார்ட்டா மாட்டிட்டீங்கன்னு சொல்லுங்க மச்சான்!"

நேயர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

"தூக்கத்துலயே போய்ச் சேந்தாரு. அந்தச் சாவு எல்லாருக்கும் கிடைக்காது," என்றாள் மனைவி, மடித்த துணியைத் தட்டி அடுக்கியபடி. "இல்லீங்க?"

"ஆமா," என்றார் நேயர். "தூக்கத்துலதான்."

இந்த ஒரு வரியை அவர் இத்தனை வருடமாகப் பலரிடம் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில், உறவுக்காரர்களிடம், மகளிடம். அச்சடித்துக் கொடுத்ததுபோல் ஒரே மாதிரி. கேட்டவர்களெல்லாம் ஆறுதல் அடைந்தார்கள். சொன்னவர் ஒருவருக்குத்தான் அது இன்னும் வேலை செய்யவில்லை.

அப்பா இறந்தது, மகளுக்குப் பிரசவம் என்று மனைவி போயிருந்த வாரம். அவருக்கு ஏற்கெனவே பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து, குரலும் ஈரத் துணி போல நைந்திருந்தது. கூப்பிட வேண்டுமானால் வலக்கையால் தம்ளரை எடுத்துப் பின்னறைக் கட்டில் கம்பியில் தட்டுவார். டொக். டொக். அந்த மாலை, தீவு நிலையம் இழை போல எட்டிப் பார்த்த நேரத்தில், தட்டல் ஆரம்பித்தது. நேயர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கட்டில்தானே ஏரியல்; தட்டல் ஒயர் வழியாக ஹெட்போனுக்குள்ளேயே வந்தது. டொக். டொக். வானிலை வாசிக்கும் பெண்ணின் ஒவ்வொரு வாக்கியத்தையும் நறுக்கியது. நேயர் இருந்த இடத்திலிருந்தே கத்தினார்: "அப்பா, அசையாதீங்க!"

அசையவில்லை. பச்சைக் கண் மூடியது. குரல் மணி போல நின்றது. ஏறாமல், இறங்காமல், ஒரு நடுக்கமும் இல்லாமல், நிலையம் முடியும்வரை. நேயர் மகிழ்ச்சியோடு நிலையத்துக்கு அறிக்கை எழுதினார்: ஒலி மிகத் தெளிவு. மங்கல் இல்லை. இடையூறு இல்லை. அந்த அறிக்கைக்குத்தான் சுவரில் தொங்கும் அட்டை வந்தது. மறுநாள் தம்ளரைக் குப்பையோடு சேர்த்து வெளியே போட்டார். மனைவி வந்து, எங்கே என்று கேட்டதற்கு, ஓட்டை என்றார்.

நிலையம் திறந்த மூன்றாம் நாள் மாலை மனைவியைக் கண் டாக்டரிடம் காட்டத் தம்பி ஆட்டோவில் கூட்டிப்போனான். வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். நேயர் வீட்டிலிருந்த சார்ஜர்களையெல்லாம் பிடுங்கினார், விளக்குகளை அணைத்தார், பிரிட்ஜையும் நிறுத்தினார். பிறகு, தான் அதற்காக எழவில்லை என்பதுபோல எழுந்து, ஒயர் சுருளை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். மழைக்கு ஊதிப்போன கதவைத் தோளால் தள்ளினார். கட்டில்மேல் கூரை உயரத்துக்கு அட்டைப்பெட்டிகளும் பழைய சூட்கேஸ்களும் இருந்தன. இருட்டில் அவர் எதையும் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. குனிந்து கதவோரக் காலில் ஒயரைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, திருடன் மாதிரி திரும்பினார். அறிவியலுக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்.

விசையைத் திருகினார். முள்ளை நகர்த்தினார். இரைச்சல், ஒரு விசில், எங்கோ அடி ஆழத்தில் முனகும் இசை, மறுபடி இரைச்சல். அதற்கு நடுவே, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல், அந்தப் பெண். அதே புரியாத மொழி. அதே அலுப்பில்லாத வாசிப்பு. அந்த நிலையத்தை மூடிவிட்டதாக அவர் எப்போதோ படித்திருந்தார்.

பின்னறையில் கட்டிலின் ஸ்பிரிங் வலை ஒரு முறை நீளமாக முனகியது.

குரல் உயர்ந்தது.

நேயருக்கு அந்த ஏற்றம் தெரியும். முதலில் உட்காரும்போது கொஞ்சம், பிறகு காலைத் தூக்கி வைக்கும்போது இன்னும் கொஞ்சம், தலை சாயும்போது முழுதும். பச்சைக் கண்ணின் இமைகள் படிப்படியாக நெருங்கின. பெட்டிகளின் பாரம், என்றார் வாய்விட்டு. இரவு இறங்குகிறது, மேல்வானத்தின் அடுக்குகள் குளிர்கின்றன, அலைகள் நன்றாகத் திரும்பி வரும், என்று இல்லாத சபைக்கு ஒரு விரிவுரையும் ஆற்றினார். விரிவுரையின் நடுவில் குரல் மங்கியது. மறுபடி ஏறியது.

புரண்டு படுத்திருக்கிறது.

டொக்.

வானிலையின் ஒரு வார்த்தை அறுபட்டது.

டொக். டொக்.

ஒலிபெருக்கியிலிருந்து. பின்னறையிலிருந்தும். நேயரின் முதுகில் வேர்வை ஒரு பூச்சி போல ஊர்ந்து இறங்கியது. எழுந்து போகலாம். ஒரு தடவை போய் எட்டிப் பார்க்கலாம். அப்போது போகாத அந்தப் பத்தடி தூரம் இப்போதும் அங்கேயேதான் இருந்தது. அவர் வாய் திறந்தது. வந்தது பழைய பழக்கம்தான்.

"அசையாதீங்க!"

நின்றது.

கண் முழுதும் மூடிக்கொண்டது. குரல் மணி போல நின்றது. ஏறவில்லை. இறங்கவில்லை. இந்த அசைவின்மை அவருக்குத் தெரியும். இதற்குத்தான் அட்டை வாங்கியிருந்தார்.

"தூக்கத்துலதான் போனீங்க," என்றார் கதவைப் பார்த்து. "எல்லாருக்கும் சொல்லியாச்சு."

மேசைமேல் ரேடியோ நகர்ந்தது.

ஓர் அங்குலம். ஒயர் விறைத்தது. தளர்ந்தது. மீண்டும் ஓர் இழுப்பு. தட்டலின் அதே இடைவெளி. பெட்டி விளிம்புக்கு வந்து தொங்கியது. பயம் ஒரு பக்கம் இருக்க, வால்வு மாற்றிய காசு மறுபக்கம் நின்று கத்த, நேயர் அதைத் தாங்கி உள்ளே தள்ளினார். முடிச்சை அவிழ்த்துவிட்டால் போதும். அவ்வளவுதான். ஒயரைக் கையில் பிடித்தபடியே போனார். தோளால் தள்ளவில்லை, கதவு தானாக வழி விட்டது. பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

பெட்டிகள் கீழே இருந்தன. சுவரோரமாக. அழகாக அடுக்கி.

கட்டில் காலியாக இருந்தது. ஸ்பிரிங் வலை நடுவில் பள்ளமாகத் தாழ்ந்திருந்தது. ஓர் ஆள் அளவுக்கு.

கதவோரக் காலில் முடிச்சு இல்லை. எதிர்ப்பக்கக் காலில் இருந்தது. கட்டிலைத் தாண்டிக் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய இடக்கை அவருடையதாக இல்லாமல் போனது. பிறகு இடக்கால். பிறகு வாயின் பாதி. ஒரு மூட்டை சரிவதுபோல் பள்ளத்துக்குள் சரிந்தார். ஸ்பிரிங் முனகியது. முன்னறையில் குரல் வீடு அதிர ஓங்கியது.

கத்தினார். ஈரத் துணி பிழிகிற சத்தம் வந்தது.

வாசலில் ஆட்டோ. செருப்புச் சத்தம்.

"கேக்குதா? மனுஷன் சாதிச்சிட்டாருடா!" என்றாள் மனைவி.

"எங்க அவரு?"

"மாடில கம்பியைத் தடவிட்டு இருப்பாரு. நீ கிளம்பு, மழை வரப்போகுது. கண்ணுல மருந்து விட்டதுல எனக்கு எதைப் பாத்தாலும் கூசுது. லைட்டைப் போடாத. இப்படியே கண்ணை மூடிட்டு உக்காந்துக்கறேன்."

ஆட்டோ போனது. நாற்காலி கிறீச்சிட்டது.

நேயரின் வலக்கை கட்டில் விளிம்பில் துழாவியது. எதுவோ கிடைத்தது. குளிர்ச்சி. வட்டம். வாயோரம் நசுங்கியிருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர்கூட இருந்தது.

தட்டினார். டொக். டொக். டொக்.

"என்னங்க!" முன்னறையிலிருந்து மாடிக்குக் கேட்கும்படி மனைவி குரல் கொடுத்தாள். "டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் நடுவுல வருது! நல்லா கேட்டுட்டு இருக்குதுல்ல, ஒயரை ஆட்டாதீங்க!"

டொக். டொக்.

பக்கத்தில் ஸ்பிரிங் தாழ்ந்தது. முதலில் உட்காரும் பாரம். பிறகு கால்கள். பிறகு, அவர் தலைக்குப் பக்கத்தில், ஒரு தலை. பழைய மருந்தும் வேர்வையும் துவைக்காத போர்வையும் கலந்த வாசனை. உலர்ந்த விரல்கள் அவர் மணிக்கட்டைத் தேடி, கண்டுபிடித்து, தம்ளரோடு சேர்த்து மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டன.

"அசையாதப்பா," என்றது காதோரம், குழறலே இல்லாமல், அன்பாக. "மருமக கேக்குதுல்ல."

ஒலி மிகத் தெளிவு. மங்கல் இல்லை. இடையூறு இல்லை.