கறுப்பைப் பிடித்துப் போ

உப்பு கிடந்தது. அதுதான் தப்பாகப் பட்டது.

டிசம்பர் முதல் திங்கள்கிழமை காலை, குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு சாலை பிரியும் முனைவரை வந்த ரோஸ்லின் ஹெப்வொர்த்தின் காலடியில் நறநறவென்று ஏதோ அரைபட்டது. குனிந்து பார்த்தாள். ஊராட்சி மன்றத்து லாரிகள் சாலையில் உறைபனி இளகுவதற்குத் தூவுகிற பழுப்புப் பாறை உப்பு. ஊரில் மற்றவர்கள் தங்கள் சாலைக்கு உப்பு வரவில்லை என்று எழுதி எழுதி அலுத்துப்போகிற பருவம் அது. ரோஸ்லின் வீட்டுக்குப் போகும் சந்தின் பெயரையும் இந்தக் குளிர்காலம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாக அக்டோபரிலேயே கடிதம் வந்துவிட்டது. ஒரே ஒரு வீட்டுக்காக லாரி அனுப்பக் கட்டுப்படியாகாதாம்.

உப்பு அவள் சந்துக்குப் போடப்பட்டதும் அல்ல. மேட்டுப் பொட்டலிலிருந்து இறங்கி வரும் சாலை அந்த முனையில் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கம் ஏறினால் அவள் வீடு. இடப்பக்கம் இறங்கினால் பழைய கீழ்ச்சாலை. அது கொஞ்ச தூரத்தில் ஓர் இரும்புக் கதவில் முட்டி நிற்கும். கதவுக்கு அப்பால் நீர்த்தேக்கம். அணை கட்டித் தண்ணீர் விடுவதற்கு முன் அங்கே ஹேகல்ஷா என்ற ஊர் இருந்தது, இப்போது சாலையும் பள்ளிக்கூடமும் சர்ச்சும் எல்லாம் அடியில். ஐம்பது வருஷத்துக்கும் மேலாக யாரும் போகாத அந்தக் கீழ்ச்சாலையில்தான் உப்பு ஒரே சீராக விழுந்திருந்தது. தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ரோஸ்லின் கதவுவரை போய்ப் பார்த்தாள். பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. கம்பிகளுக்கு அந்தப் பக்கமும் உப்பு போய்க்கொண்டே இருந்தது, தண்ணீரின் விளிம்புவரை. சுற்றிலும் இருந்த மெல்லிய பனியில் சக்கரத் தடம் ஒன்றுகூட இல்லை.

பிறகு குளிர் இறுகிய ஒவ்வொரு நாளும் அது வந்தது. உப்பு லாரி என்பது திருட்டுத்தனமாக வந்து போகிற வண்டியா என்ன? தலையில் மஞ்சள் விளக்கு சுழலும், பின்னால் உப்பை வீசும் சுழல்தட்டு கடகடக்கும், ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு நாள் பிற்பகல் பனி பொழியப் பொழிய அவள் சமையலறை ஜன்னலில் நின்று முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டில் கொதித்துச் சத்தம் போட்டதும் திரும்பி அதை அணைத்தாள். மறுபடி பார்த்தபோது கீழ்ச்சாலையில் பனி இளகிக் கறுத்த கோடு நீண்டிருந்தது. வீட்டுக்குள் குளத்துச் சேற்று வாடை லேசாக அடித்தது.

இதையும் சகித்துக்கொண்டிருப்பாள். ஜெம்மா இல்லையென்றால்.

மகள் ஜெம்மா வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து வருகிற வேலையில் இருந்தாள். தினமும் நாலு மணிக்குள் அந்தப் பொட்டலைக் கடந்து வீட்டுக்கு வருவாள். முனைக்கு வந்ததும் முன்விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவாள். ரோஸ்லின் கெட்டிலை வைப்பாள். கணவன் கீத் வேறொருத்தியோடு ஹல் நகரத்தில் குடித்தனம் நடத்தப் போன நாளிலிருந்து இந்த இரண்டு மின்னல்தான் அந்த வீட்டின் கடிகாரம்.

அந்த வாரக் கடைசியில் ஜெம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இன்னைக்குக் கீழ்ச்சாலையில பாதி தூரம் போயிட்டேம்மா! கறுப்பு அந்தப் பக்கம்தான போகுது, கை தானா திருப்பிடுச்சு. நல்லவேளை, கதவு குறுக்க நின்னுச்சு. இல்லன்னா உன் பொண்ணு மீனுக்குத் தீனி."

"வாயக் கழுவு."

"நம்ம சந்துக்குப் போட மாட்டாங்களாம், மீனுக்குப் போடுவாங்களாம். எழுதும்மா, மன்றத்துக்கு எழுது. உனக்கும் பொழுது போகும்."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் எவரும் முதலில் கற்பது அதைத்தான். எல்லாம் வெள்ளையாக இருக்கும்போது வெள்ளையை நம்பாதே, உப்பு விழுந்த கறுப்பைப் பிடித்துப் போ. உப்பு லாரியே முன்னால் போனால் இன்னும் நல்லது, அதன் வாலைப் பிடித்துக்கொள். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கைக்குப் பழகிப் போனது.

அன்றைக்கே தகவல் அறியும் சட்டப்படி நாலு கேள்வி எழுதி மின்னஞ்சலில் அனுப்பினாள். குளிர்காலத் திட்டத்தின் நகல் வேண்டும். எந்தெந்தச் சாலைக்கு உப்பு? கீழ்ச்சாலைக்குப் போகும் வண்டி எது, எத்தனை மணிக்கு? அந்தச் சாலையை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? இருபது வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று உடனே ஒரு ரசீது வந்தது.

முட்டை கொடுக்க வந்த டென்னிஸிடம் இதைச் சொன்னாள். அவர் ஓய்வு பெற்ற உப்பு லாரி ஓட்டுநர். ஜெம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

"ஏம்மா ரோஸ்லின், முப்பத்தோரு வருஷம் ஓட்டியிருக்கேன். போடலன்னு திட்டு வாங்கியிருக்கேன், லேட்டா போட்டேன்னு வாங்கியிருக்கேன், நாய்க் காலு எரியுதுன்னுகூட ஒருத்தி சண்டைக்கு வந்தா. போட்டுட்டாங்கன்னு புகார் எழுதின மொத ஆளு நீதான்!"

"கதவுக்கு அந்தப் பக்கமும் கெடக்கு டென்னிஸ்."

தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "பூட்டு?"

"பூட்டினது பூட்டினபடி."

அவர் கரண்டியை எடுத்து மேசையில் வைத்தார். "தண்ணி விட்ட வருஷம் அந்த ரோட்டப் பட்டியல்லேருந்து அடிக்க மறந்துட்டாங்க. ஹரால்டு பூத்ராய்டுன்னு ஒரு ஓட்டுநர், வெளியூர் ஆளு, புதுசு. பட்டியல்ல இருந்தா போடணும், அதுதான் எங்க வேலை. கண்ணு தெரியாத பனி. பட்டியலப் பாத்துக்கிட்டே எறங்கிட்டான்."

"எடுத்தாங்களா?"

"லாரிய எடுத்தாங்க." ஒரே மடக்கில் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். "எழுதினத வாபஸ் வாங்கிடும்மா."

"எதுக்கு?"

"கேட்டா பதில் சொல்லியாகணும்னு சட்டம். வந்துச்சுன்னா நீ படிக்கணும்ல."

ரோஸ்லின் வாபஸ் வாங்கவில்லை. இருபது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள், கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறுவது அவளுக்கு வராது.

ஜனவரி முதல் வாரத்தில், கெடுவின் இருபதாவது வேலை நாளில், பிற்பகல் மூன்று மணிக்குப் பதில் வந்தது. காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முனையும் கதவும் தண்ணீரும் எல்லாம் ஒரே வெள்ளைக்குள் போய்விட்டன. நீர்த்தேக்கம் இரண்டு நாளாக உறைந்து கிடந்தது, அவ்வப்போது அதன் நடுவிலிருந்து பனிக்கட்டி முனகும் ஓசை வீட்டுச் சுவர்வரை வந்து அடங்கியது. மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள்.

மரியாதையான பதில்தான். சாலைகளின் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. ஏழாவது தடம்: மேட்டுச் சாலை, முனை, கீழ்ச்சாலை, ஹேகல்ஷா பள்ளிக்கூடம், சர்ச், பாலம். வண்டி எண் ஏழு. கீழ்ச்சாலையில் நுழையும் நேரம், பிற்பகல் 3.40. திரும்பிய நேரம், பதிவு இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் அப்படியே இருந்தது.

நாலாவது கேள்விக்கான பதிலை இரண்டு முறை படித்தாள்.

'மேற்படிச் சாலையைப் பயன்படுத்துவோர் பட்டியல் இணைப்பில் உள்ளது. உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரங்களை வெளியிடச் சட்டம் அனுமதிக்காததால் அவை கறுப்பால் மறைக்கப்பட்டுள்ளன. இறந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.'

இணைப்பைத் திறந்தாள். பத்து வரிகள். முதல் வரி ஹரால்டு பூத்ராய்டு. அடுத்தது அவளுக்குத் தெரிந்த பெயர், தபால் கொண்டுவந்த ஐவி மிட்ஜ்லி. அதற்குக் கீழே ஆட்டுப் பண்ணைக்காரர் கோலின் ஸ்டெட். பனியில் வழி தவறிப் போனார்கள் என்றுதான் ஊர் அவர்களைப் பற்றிப் பேசியது. ஒன்பது பேர். ஒன்பது குளிர்காலத் தேதிகள். எல்லாவற்றுக்கும் நேரம் 3.40. ஒன்பதும் பளிச்சென்று வாசிக்கும்படி இருந்தன.

பத்தாவது வரியில் பெயர் இல்லை. கறுப்புப் பட்டை. பக்கத்தில் இன்றைய தேதி.

அலுவலகங்களில் இந்தக் கறுப்பை எப்படிப் பூசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். எழுத்தை அழிக்க மாட்டார்கள், சோம்பேறிகள், மேலே ஒரு பட்டையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எழுத்து அடியில் அப்படியே இருக்கும். அவளே எத்தனை பேரை இதற்காகக் கடிந்திருக்கிறாள். அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள்.

ஜெம்மா ஹெப்வொர்த்.

மணி 3.22.

வீட்டுத் தொலைபேசியில் மகளின் எண்ணை அழுத்தினாள். "ஜெம்மா பேசறேன், வண்டி ஓட்டிட்டிருப்பேன், அப்புறமா கூப்பிடுங்க!" மறுபடி அழுத்தினாள். அதே பதிவுக் குரல், அதே உற்சாகம். கைபேசிக்கு அந்த வீட்டில் சிக்னல் கிடையாது, கீழே இரும்புக் கதவருகே நின்றால்தான் கிடைக்கும். ரோஸ்லின் கைபேசியைப் பையில் திணித்தாள். டார்ச்சையும் அடுப்புச் சாம்பல் வாளியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

முனையில் உப்பு ஏற்கெனவே விழுந்திருந்தது. இடப்பக்கம், கீழ்ச்சாலையில், ஈரக் கறுப்பு. அவள் தன் சந்தின் வாயில் சாம்பலைக் கொட்டி, காலால் இழுத்து, வலப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு உண்டாக்கினாள். வாளியால் பனியை வாரி வாரி அந்தப் பக்கத்துக் கறுப்பின்மேல் போட்டாள். மூச்சு வாங்கியது. விரல் மரத்தது. கறுப்பு மூடியது.

நிமிர்ந்தாள்.

கறுப்பு திரும்ப வந்தது. போட்ட பனி அடியிலிருந்து இளகியது. சாம்பலின்மேல் புதுப் பனி விழுந்து வெள்ளையாக்கியது. மறுபடி வாரினாள். மறுபடி இளகியது. சேற்று வாடை தொண்டையில் ஏறியது.

மேட்டில் இரண்டு வெளிச்சம்.

"ஜெம்மா!"

சாலையின் நடுவில் நின்று டார்ச்சை ஆட்டினாள். முனைக்கு வந்ததும் விளக்கை அணைத்துப் போடுவாளே. இரண்டு முறை. அது வந்தால் போதும், பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். ரோஸ்லின் அதற்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. வெளிச்சத்துக்கு முன்னால் இன்னொன்று வந்தது. மஞ்சளாகச் சுழன்றது. சத்தமே இல்லை. பனித்திரைக்குள் உயரமான ஒரு வண்டி. அதன் பின்தட்டு சுற்றியது. உப்பு அவள் முகத்தில் தெறித்தது. குளிர்ந்த, ஈரமான உப்பு. அது அவளைத் தாண்டியது. ஒதுங்கினாளா, அது அவள் ஊடாகப் போனதா, தெரியவில்லை.

பின்னாலேயே கார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு. ஒரு கை தூரத்தில் ஜெம்மாவின் முகம். முன்னால் போகிற லாரிக்கு நன்றி சொல்லிக் கையைத் தூக்கியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் திரும்பினாள்.

"நில்லுடி! ஜெம்மா! நில்லு!"

ஓடினாள். விழுந்தாள். எழுந்து ஓடினாள். இரும்புக் கதவு விரியத் திறந்திருந்தது. பூட்டு பனியில் கிடந்தது, பூட்டியபடியே.

உறைந்த தண்ணீர்மேல் உப்புக்கோடு நேராகப் போயிருந்தது, கரையிலிருந்து நடுவரை, ஒரே அகலத்தில், ஒரே சீராக. அது முடிந்த இடத்தில் பனிக்கட்டி இளகி வட்டமாகக் கறுத்திருந்தது. ஓர் அலைகூட இல்லை.

பையில் கைபேசி அதிர்ந்தது. நம்பிக்கை வந்தது. அவள்தான். அவளேதான். எடுத்தாள்.

மன்றத்திலிருந்து மின்னஞ்சல்.

'தங்கள் கோரிக்கை தொடர்பாக. பட்டியலின் திருத்திய நகல் இணைக்கப்பட்டுள்ளது. பத்தாவது வரியில் இருந்த மறைப்பு இனித் தேவைப்படாததால் நீக்கப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

ரோஸ்லின் தலையைத் தூக்கினாள். பனிக்கட்டிக்கு அடியில், ஆழத்தில், மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டே போனது. அதன் பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகள், இடைவெளி மாறாமல். அவற்றுக்குப் பின்னால் இன்னும் சில, மங்கலாக, வரிசையாக. பள்ளிக்கூடம் இருந்த இடத்தைத் தாண்டின. சர்ச் இருந்த இடத்தில் நின்றன.

ஜெம்மாவின் கார் மட்டும் மெல்ல வளைந்து கரையைப் பார்த்துத் திரும்பியது. அங்கேயிருந்து முன்விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது, வீடு வந்து சேர்ந்தாயிற்று என்று தினமும் சொல்வதுபோல.