எதில் இருபது?

லாரியிலிருந்து இறக்கி வைத்த மரச் சாய்தளத்தைப் பார்த்ததும் ஒடெட்டுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு முனை வாசற்படிக்கு மேலே ஓர் அடி உயரத்தில் நின்றது. மறு முனை தெருவில் கிடந்தது!

"என்னங்க இது, கப்பல் ஏறவா? எங்கப்பா சக்கர நாற்காலியில வீட்டுக்குள்ள வரணும். நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில இருந்து வர்றாரு!"

"போன்ல படி உயரம் இருபதுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு இன்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம். இருபது அடி. கணக்கு சரிதானே?"

மழையில் நனைந்தபடி நின்றான் வெண்டல். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில் பிறந்தவன். போன மாதம்தான் இந்தக் கனடா ஊரில் மாமாவின் மரக்கடைக்கு வந்திருந்தான். ஈர இமைகளுக்குள் பச்சைக் கண்கள்... சே, சண்டை போடும்போதா இதையெல்லாம் பார்ப்பது?

"இருபது சென்டிமீட்டர்! இது கனடா."

"அப்படியா? உங்க உயரம் என்ன?"

"அஞ்சடி நாலு இன்ச்..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடுத்துட்டுப் போங்க!" கதவை அறைந்து சாத்தினாள்.

உள்ளே அப்பாவுக்குப் புதுப் போர்வை விரித்த கட்டில் காத்திருந்தது. 'வீட்டுக்கு வந்தாப் போதும்மா' என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேசையில் அளவு நாடா. மேல் ஓரம் இன்ச், கீழ் ஓரம் சென்டிமீட்டர். அவள் கீழ் ஓரத்தைப் பார்த்துவிட்டு வெறும் 'இருபது' என்று சொல்லியிருக்கிறாள்...

வெளியே ரம்பச் சத்தம். கதவைத் திறந்தாள். அவன் போகவில்லை!

"அடிப்பக்கத்துல இருந்து எட்டடி போதும், மிச்சத்தை அறுத்துடறேன். அங்க உயரம் எட்டு இன்ச். உங்க இருபது சென்டிமீட்டரும் கிட்டத்தட்ட அதுதான்," என்றான், தலை நிமிராமலே.

"தப்பு என்னுது... எதுல இருபதுன்னு நான் சொல்லவே இல்ல."

"கேக்காம விட்டது என் தப்பு."

அவள் குடையை எடுத்து வந்து அவன் தலைக்கு மேல் பிடித்தாள். தன் தோள் நனைந்தது தெரியவே இல்லை.

மறுநாள் அப்பாவின் நாற்காலி ஓர் அதிர்வுகூட இல்லாமல் ஏறி உள்ளே வந்தது. அப்பா வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருப்பா தம்பி..." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒடெட், அந்தப் பையனுக்கு சூடா சூப் கொடும்மா. என்னை அப்புறம் கவனிக்கலாம்!" என்றார்.

சூப் கிண்ணத்தோடு சாய்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான் வெண்டல்.

"மிச்சப் பலகையில வாசல்ல ஒரு பெஞ்சு போடவா? நீளம் சொல்லுங்க. இந்தத் தடவை எதுலன்னும் சொல்லிடுங்க."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளும் தோளும் தொட்டன.

"இவ்வளவு."

"இது... இன்ச்சா, சென்டிமீட்டரா?"

"நீங்களும் நானும். நேத்து அவ்வளவு திட்டியும் நீங்க போகலையே... அந்த நன்றி ஆயுசுக்கும் இருக்கும். ஆனா இப்ப சொல்றது நன்றி இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். காது மடல் சிவந்திருந்தது.

"எனக்கு நீங்க 'கப்பல் ஏறவா'ன்னு கேட்டப்பவே..."