கழுவிக் கவிழ்த்த இரண்டு கப்புகள்

போன் அலறியது!

வக்கீலம்மா எடுத்தாள். மாவட்டக் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி, இரண்டு தேர்தலில் தோற்று, மூன்றாவதில் ஜெயித்துத் தலைநகருக்கு வந்தவள். நாளைக் காலை... நாட்டின் சட்ட மந்திரி!

"நாளைக்கு நீ பதவியேத்தா..." துணி பொத்திய கரகரக் குரல். "உன் பேர் சந்தி சிரிக்கும்!"

"எதுக்கு?"

"நகைக்கடைக்காரர் கொலை! நீ விடுதலை வாங்கிக் கொடுத்த டிரைவர்தான் கொலைகாரன். தெரிஞ்சே சாட்சியைக் கலைச்சே. மரியாதையா விலகிடு. இல்லன்னா சாயங்காலமே பத்திரிகைக்குப் போகும்!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. எதிரே அவளுடைய செயலாளரான தம்பி, முகம் வெளிறி நின்றான். பக்கத்தில் பாதுகாப்பு அதிகாரி. வருகிற போனையெல்லாம் பதிவு செய்வது அவர் வேலை.

"அக்கா... பொய்யா இருந்தாலும் சேறு ஒட்டிக்கும். விட்டுடலாம்க்கா!"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த டிரைவர் அப்பாவி!

போனைப் பொத்திக்கொண்டு சீறினாள். "சும்மா இருடா! பூச்சாண்டி காட்டினா ஓடுறவளா உன் அக்கா?"

கையை எடுத்தாள். குரலில் தேன்.

"சார்... பழைய கேஸ், மறந்தே போச்சு. வந்த ஆளுக்கு நகைக்கடைக்காரர் டீ போட்டு வெச்சார். குடிக்கிறதுக்குள்ள குத்து விழுந்துடுச்சு. அதானே?"

"அப்ஜெக்‌ஷன்! டீ இல்ல... காபி!"

பாதுகாப்பு அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார்.

வக்கீலம்மா சிரித்தாள்.

"தப்பா ஒண்ணு சொன்னா திருத்தாம இருக்க முடியாதே! வக்கீல் புத்தி எங்க போகும்?"

"எ... என்ன?"

"போலீஸ் போனப்ப ரெண்டு கப்பும் கழுவிக் கவுத்து வெச்சிருந்துச்சு. செத்தவர் வயித்துல ஒரு சொட்டு இல்ல. டீயா காபியான்னு கப்பைக் கழுவினவனுக்குத்தான் தெரியும்!"

அவள் போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்த 'அப்ஜெக்‌ஷன்'! எதிர் மேஜையிலேர்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளிச்சுப் போச்சு. இல்லையா... அரசு வக்கீல் சார்?"

தம்பி அதிர்ந்தான்.

அன்று டிரைவருக்குத் தூக்குக் கேட்டு வாதாடியவர்! இன்று அவளுடைய கட்சியிலேயே மூத்த தலைவர். அவள் விலகினால் மந்திரி நாற்காலி அவருக்குத்தான்!

"நீங்க பண்ண கொலைக்கு ஒரு அப்பாவியைத் தூக்குல போடச் சொன்னீங்களே... வெக்கமா இல்ல?"

பாதுகாப்பு அதிகாரி வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"இ... இதெல்லாம் கோர்ட்ல நிக்காது!" துணி விலகிய குரல் நடுங்கியது.

"நிக்குதா படுக்குதான்னு அங்கேயே பாத்துக்கலாம். எனக்கு ஒரே வருத்தம்தான் சார்... நாளையிலேர்ந்து நான் மந்திரி. கேஸ் எடுக்க முடியாது. நல்ல வக்கீலா வேற யாரையாவது பாத்துக்குங்க!"