கட்டிலுக்குள் கட்டில்

பழைய கட்டடத்தின் பெண்கள் வார்டுக்குள் லேப்டாப் பையோடு நான் நுழைந்தபோது மத்தியான வெயில் தரையில் சதுரம் சதுரமாகக் கிடந்தது. மேசையில் இருந்த சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பார்வை நேரம் நாலு மணிக்கு மேல."

"பார்க்க வரல சிஸ்டர். மணியைச் சரி பண்ண வந்திருக்கேன்."

"ஓ, நீங்கதானா அது? இத்தனை நாள் எங்க போயிருந்தீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வேறு இடமாக இருந்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். அந்த வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து என் அம்மா படுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் பக்கத்தில் இருக்கலாம் என்றுதான் இந்த வேலையை ஆபீசில் நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

அம்மாவும் சளைத்தவள் இல்லை. "வந்துட்டா மகராசி. பெத்தவளைப் பார்க்க இல்ல, வயரைப் பார்க்க" என்றாள், ஐந்தாறு கட்டில்களுக்குக் கேட்கும்படி. பிறந்ததிலிருந்து அவள் வாயில் நான் எருமை, தண்டம், சனியன். அப்படித் திட்டினால் உடம்பு தேறிவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்த மணி விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சிவப்புப் பொத்தான் வைத்த வயர் தொங்கும். நோயாளி அழுத்தினால் சிஸ்டர் மேசையில் இருக்கும் திரையில் அந்தக் கட்டில் சிவப்பாகும். திரைக்குப் பின்னால் தகவல் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் மாடி, மாடிக்குள் வார்டு, வார்டுக்குள் கட்டில், கட்டிலுக்குள் மணி. இதை யாரும் உட்கார்ந்து டைப் அடிப்பதில்லை. எது எதற்குள் இருக்கிறதோ அதன் கீழே அது தானாகவே பதிந்துகொள்ளும். அதற்குள்ளிருந்து வேண்டியதை எடுத்துவரப் பாதை எழுதுவது என் பிழைப்பு. ஒரு ஸ்லாஷ் போட்டால் ஒரு படி மட்டும் உள்ளே போகும். இரண்டு ஸ்லாஷ் போட்டால் எத்தனை அடுக்குக்குக் கீழே இருந்தாலும் துழாவிக் கொண்டுவந்துவிடும். சோம்பேறிகள் இரண்டுதான் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். வார்டு, இரண்டு ஸ்லாஷ், மணி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'அழுத்தப்பட்டது' என்ற நிபந்தனை.

"இல்லாத பெட்லேர்ந்து மணி அடிக்குது" என்றார் சிஸ்டர். "ஓடி ஓடி என் கால் வீங்கிப்போச்சு. ஒவ்வொரு பெட்டாப் போய்ப் பார்த்தா யாரும் அழுத்தல."

"எந்த பெட்?"

"அதைச் சொல்லத்தானே உங்களுக்குச் சம்பளம்?"

லேப்டாப்பைத் திறந்து பாதையை ஓடவிட்டேன். ஒரே ஒரு விடை வந்தது. வார்டு, கட்டில், கட்டில், மணி.

கட்டிலுக்குள் இன்னொரு கட்டில் எப்படி வரும்? எவனோ வயரை மாற்றிச் செருகியதில் கோளாறு என்று நினைத்தேன். மேலே இருக்கும் கட்டில் எது என்று தேடினேன்.

ஜன்னலோரம். அம்மாவுடையது.

முட்டி போட்டு அந்தக் கட்டிலின் அடியில் தலையை விட்டேன். வார்டு முழுக்க ஃபினாயில் நாற்றம். அங்கே மட்டும் அது இல்லை. ரொம்ப காலம் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்தச் சேற்று வாடை. வெளியே அப்படி வெயில் அடிக்க, அங்கே தரை கை வைக்க முடியாமல் சில்லிட்டிருந்தது. வயர் எதுவும் இல்லை. வெறும் டைல்ஸ்.

கிளிக்.

என் காதுக்குப் பக்கத்தில். யாரோ பொத்தானை அழுத்திய சத்தம்.

மண்டை இடித்துக்கொள்ள வெளியே வந்தேன். தூரத்தில் சிஸ்டரின் திரை சிவப்பாகியிருந்தது.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். எப்போதும் எட்டு ஊருக்குக் கேட்கிற குரல் அடங்கிப்போயிருந்தது.

"கீழேர்ந்து முதுகைத் தட்டுதுடி. படுத்தவுடனே தட்டுது. இந்தம்மாகிட்ட சொன்னா மாத்திரை மயக்கம்ங்கிறா. என்னை வேற பெட்டுக்கு மாத்தச் சொல்லு."

நேராக மேசைக்குப் போய்க் கேட்டேன். சிஸ்டருக்கு வந்ததே கோபம்.

"வேற பெட் என்ன, என் தலைமேல போடட்டுமா? இருக்கிறதெல்லாம் ஃபுல். உங்க வேலை மணி. சாயங்காலத்துக்குள்ள அது நிக்கலைன்னா உங்க ஆபீசுக்கு எழுதுவேன்."

"நிறுத்திக் காட்டறேன்" என்றேன். வீம்பு. அந்த நிமிடம் என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தம்மாவின் முகம் மட்டும்தான். அழுத்துவது யார் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இரண்டு ஸ்லாஷை எடுத்துவிட்டு வார்டு, கட்டில், மணி என்று ஒவ்வொரு ஸ்லாஷாகப் போட்டிருந்தாலே போதும். எனக்கிருந்த கடுப்பில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி எழுதத் தோன்றியது. சதுர அடைப்புக்குள் இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். ஒரு கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டில் இருந்தால், கீழே இருப்பதன் மணியைக் காட்டாதே.

திரை வெளுத்தது. சிஸ்டர் ஒரு நன்றி சொல்லவில்லை.

"எங்கடி கிளம்பிட்ட? கொஞ்ச நேரம் உட்காரேன்" என்றாள் அம்மா.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்மா."

"போகாதேடி."

அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அதையும் கவனிக்காமல் படியிறங்கினேன்.

திரும்பி வந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. "இப்பதான் வார்டு வார்டா இருக்கு" என்றார் சிஸ்டர். வெயில் சதுரங்கள் ஜன்னலோரக் கட்டில்வரை நகர்ந்திருந்தன.

அம்மா உட்கார்ந்திருந்தாள்.

காலையில் புரண்டு படுக்கவே ஆள் தேவைப்பட்டவள். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு, முதுகு நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வா கண்ணு. சாப்பிட்டியா?"

அம்மா என்னை ஒருநாளும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

அவள் பேசியபோது அந்தச் சேற்று வாடை வந்தது.

நான் பின்பக்கமாகவே நகர்ந்து லேப்டாப்புக்கு வந்தேன். நான் சேர்த்த நிபந்தனையை அழித்து, பாதையைப் பழையபடி ஓடவிட்டேன்.

வார்டு, கட்டில், கட்டில், மணி. அழுத்தப்பட்டது.

மேல் கட்டிலில் இருக்கும் நோயாளியின் பெயரைக் கேட்டேன். வெற்றிடம் வந்தது. கீழ்க் கட்டிலில் இருக்கும் நோயாளியின் பெயரைக் கேட்டேன்.

அம்மாவின் பெயர்.

நான் டீ குடிக்கப் படியிறங்கியதிலிருந்து அந்த மணி விடாமல் அழுத்தப்பட்டுக்கொண்டிருந்தது. திரையில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொண்டது என்னுடைய வரி.

ஓடிப்போய்க் கட்டிலடியில் விழுந்து தரையை அறைந்தேன். "அம்மா! அம்மா!"

கிளிக். கிளிக். கிளிக்.

டைல்ஸுக்கு அடியிலிருந்து வந்தது. குரல் இல்லை. வெறும் பொத்தான் சத்தம், மூச்சு வாங்குகிறவள் அழுத்துகிற மாதிரி விட்டு விட்டு. என் முகத்துக்குப் பக்கத்தில் தொங்கிய இரண்டு பாதங்கள் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

"கத்தாதே" என்றது மேலே இருந்தது, அம்மாவின் குரலில், ரகசியமாக. "எல்லாரும் பார்க்கிறாங்க."

"எங்க அம்மா எங்க?"

"நானும் அடிச்சேன். எவ்வளவு காலமா அடிச்சேன் தெரியுமா? முதல்முதலா உன்னோட பாதைதான் கீழ வரைக்கும் வந்துச்சு. வந்து என்னைப் பார்த்துச்சு. பார்த்துட்டு, இவளைக் காட்டாதேன்னு எழுதினே."

கால் விரல்கள் என் கன்னத்தைத் தொட்டன. அந்தத் தரையைப் போலவே சில்லிட்டிருந்தன.

"எனக்குன்னு எழுதினே. திரை பார்க்காத நேரத்துல நாங்க இடம் மாறினோம். இப்ப அது அவளுக்கு ஆச்சு."

சிஸ்டரும் வாட்ச்மேனும் சேர்ந்து என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். தரையை உடையுங்கள் என்று கத்தினேன். கீழே ஆண்கள் வார்டு, அதன் சீலிங் ஃபேன்தான் இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். திரையைப் பாருங்கள் என்றேன். "மறுபடியும் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் சிஸ்டர். டாக்டர் வந்து ஜன்னலோரத்தில் இருந்ததை நடக்கச் சொன்னார். நடந்தது. "இப்படித் தேறி நான் பார்த்ததே இல்லை" என்று சந்தோஷப்பட்டார். "அம்மா எழுந்து நடக்கிறாங்க, அதுக்குப் போய் அழறீங்களே" என்று சிஸ்டர் என்னை அருவருப்போடு பார்த்தார். மறுநாளே டிஸ்சார்ஜ் செய்து என்னோடு அனுப்பிவிட்டார்கள். நான் மாட்டேன் என்றதற்கு, பெற்றவளை நடுத்தெருவில் விடுகிறாள் என்று வார்டே வாயில் போட்டு மென்றது.

அதை நான் கூட்டிவந்ததற்குக் காரணம் ஊர்ப் பேச்சு இல்லை. மேலே இருப்பதைக் கைவிட்டால் கீழே இருப்பவளை எப்படி மீட்பது?

ஆஸ்பத்திரியில் மணியையே கழற்றிவிட்டார்கள். புதிய கம்பெனி, புதிய திரை. பழைய மணிகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன என்று ஆபீசில் சொல்கிறார்கள். என் லேப்டாப்பில் அந்தப் பாதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விடையும் வந்துகொண்டிருக்கிறது, எங்கிருந்து என்று தெரியாமல்.

முதல் வாரம் கட்டிலுக்குள் கட்டில் என்றுதான் வந்தது. பிறகு அதற்குள் இன்னொரு கட்டில். அப்புறம் அதற்குள்ளும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மணிக்கு முன்னால் ஒரு கட்டில் கூடியிருக்கிறது. அம்மா கீழே போய்க்கொண்டிருக்கிறாள். எனக்குப் பாதை எழுதத்தான் தெரியும். அது இருக்கிற இடத்தைச் சொல்லும், ஆளைத் தூக்கிக்கொண்டு வராது.

இன்று அந்தப் பாதை திரையின் ஒரு வரியில் அடங்கவில்லை. இரண்டாம் வரிக்கு இறங்கியிருக்கிறது. கடைசியில், மணி. அழுத்தப்பட்டது.

பக்கத்து அறையில் யாரோ கட்டிலைவிட்டு இறங்கும் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது.

"இன்னும் அவளையே பார்த்துக்கிட்டிருக்கியா கண்ணு?"